பின்சுவர் ஓரத்துத் தண்ணீர்

அருவங்காடு,
தை 6, திங்கட்கிழமை.

அன்பு மகன் நவநீதனுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்துகொண்டுதான் இருக்கிறோம், உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அந்த அளவில் நல்லபடியாக இருக்கிறோம் என்று வைத்துக்கொள். நீதான் கடல் தாண்டி, அந்தப் பெரிய வீட்டில் ஒண்டியாக எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பொங்கலன்று நீ கூப்பிடுவாய் என்று உன் அம்மா போனை மடியிலேயே வைத்திருந்தாள், பொங்கல் பொங்கும்போதும் மடியில்தான் இருந்தது. மறுநாள் ஒரு கரும்புப் படம் அனுப்பியிருந்தாய். குறையாகச் சொல்லவில்லை, பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்கிற மனநிலையில் நீ இல்லை என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. இந்த வருஷம் இங்கே பனி அதிகம், விடிந்து பார்த்தால் கேரட் இலை எல்லாம் உப்புத் தூவினது மாதிரி கிடக்கிறது. காட்டெருமை ஒன்று வேலியை மிதித்துவிட்டுப் போய்விட்டது, நானே கம்பி கட்டிவிட்டேன். அம்மாவுக்கு இடது முழங்கால் வலி, குன்னூர் டாக்டர் படி ஏறவே கூடாது என்றாராம், எங்க ஊட்டுக்கு நாப்பத்திரண்டு படிங்க, நீங்க வந்து தூக்கிட்டுப் போறீங்களான்னு கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். வாய் மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது.

இதை எழுதுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. போன வாரத்தில் மூன்று தடவை உனக்குப் போன் போட்டேன், மூன்று தடவையும் அங்கே குளிர் குறைந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வாயில் வரவில்லை. காகிதத்தில் எழுதினால் நீ நடுவில் பேச முடியாது, நானும் பாதியில் ஓட முடியாது. தபாலில் போட்டால் பதினைந்து நாளாவது ஆகும் என்கிறார்கள், வக்கீல் உன்னைக் கையெழுத்துக்கு வரச் சொன்னது இருபத்தெட்டாம் தேதி என்று அம்மா சொன்னாள். அதனால் பக்கத்து வீட்டு மெட்டில்டாவின் பெண்ணிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப் போகிறேன். அவள் கான்வென்டில் ஹிந்தி எடுத்துப் படித்தவள், தமிழில் தன் பேரைத் தாண்டி எழுத்துக் கூட்டத் தெரியாது, அதனால் பயமில்லை.

உன் வீட்டுப் பின்சுவர் ஓரமாகத் தண்ணீர் ஊற்றியது என் மருமகள் சசிரேகா இல்லை. நான் ஊற்றினேன். கறிவேப்பிலைச் செடிக்கு அவள் போட்டிருந்த சொட்டுக் குழாயில் வந்த தண்ணீர் ஒரு குருவிக்குக் காணாது. உன் சுவர் படிக்கட்டு மாதிரி வெடித்ததும், சமையலறைக் கதவு மூட முடியாமல் போனதும், ஹாலில் டைல்ஸ் எழும்பியதும் எல்லாம் என் வேலை.

நானும் அம்மாவும் அங்கே வந்திருந்த ஆறு மாசத்தில், ஜூன் கடைசி என்று நினைக்கிறேன், ஒருநாள் வீட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது பின்பக்கத்து மண், சுவரை விட்டு விலகி நிற்பதைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் முழுசாக உள்ளே போனது. அந்த நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் மண் சுருங்கி விலகியிருக்கிறது, நமக்கு அது எங்கே தெரியும். அஸ்திவாரக் கடக்கால் ஓரத்தில் மண் அடங்கவில்லை, கட்டியவன் திம்சுக்கட்டை போட்டு மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தாமல் ஏமாற்றிவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் மலையில் நாங்கள் அதைத்தானே செய்வோம், மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, அது குடித்து அடங்கின பிறகு மேலே கட்டுவோம். நாற்பது வருஷம் எத்தனை தடுப்புச் சுவர், எத்தனை குவார்ட்டர்ஸ், ஒன்றிலாவது கடக்கால் அசைந்ததா. உன்னிடம் சொல்ல வந்தேன். நீ லேப்டாப்பில் இருந்தாய், அப்பா நீங்க சும்மா உக்காருங்க, இது உங்க ஊர் இல்லை என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மாரண்ணன் மேஸ்திரி என்றால் இங்கே எஸ்டேட் துரைமார் எழுந்து நின்று பேசுவார்கள், மகன் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதாகிவிட்டதே என்று இருந்தது. சரி, இவனிடம் சொல்லாமலே செய்து காட்டுவோம் என்று நினைத்தேன். நீ ஆபீஸ் போனதும் பதினோரு மணிக்கு ஓஸ்பைப்பை எடுத்துக்கொண்டு போவேன், அந்தச் சந்தில் தண்ணீர் நின்று வழிகிற வரைக்கும் விடுவேன். தினமும் ஒரு மணி நேரம், ஆகஸ்ட் கடைசி வரைக்கும். மண் மெதுவாக ஊறி வந்து சுவரோடு சேர்ந்துகொண்டது. பார்த்தாயா, சேர்ந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஊருக்குக் கிளம்பும் நாளில்கூட ஒருதடவை போய்த் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

அந்த மண்ணும் நம் மண் மாதிரியே சிவப்பாக இருந்தது நவநீதா, அதில்தான் நான் ஏமாந்தேன். எங்கப்பா உடுமலைப் பக்கத்துக் கரிசலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், கோடையில் கன்றுக்குட்டி கால் போகிற அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் ஊதிக்கொண்டு வீட்டையே தூக்கும் என்று. கேட்டவன்தான் நான். கறுப்பாக இருந்திருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன். நிறத்தைப் பார்த்தே நம்ம மண்தான் என்று முடிவு கட்டினேன், ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டிக்கூடப் பார்க்கவில்லை. மலை மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் என்ன புத்தி வரும்.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு அக்டோபரில் நீ போன் பண்ணினாய். சுவர் வெடித்துவிட்டது, இன்ஜினியர் வந்து பார்த்தார், இந்த மண் தண்ணி குடிச்சா ஊதும், பின்சுவர்ப் பக்கம் யாரோ மாசக்கணக்கா ஈரம் பண்ணியிருக்காங்கன்னு சொல்றார், எல்லாம் இவ வெச்ச கறிவேப்பிலையால வந்தது என்று கத்தினாய். சசி பின்னால் நின்றுகொண்டிருந்தாளா என்று தெரியவில்லை, அவள் சத்தம் கேட்கவில்லை. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அப்படியாப்பா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, சுவர் விழுந்தால் மேஸ்திரி தன் மட்டம் தப்பு என்று சொல்லவே மாட்டான், கலவை சரியில்லை என்று சித்தாளைக் கைகாட்டுவான், அவளும் தலையைக் குனிந்துகொண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நானும் இரண்டு தடவை அப்படிச் செய்தவன்தான். இந்தத் தடவை என் மருமகள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஒரு செடிக்காக வந்த சண்டை நாலு நாளில் அடங்கிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கார்த்திகையில் அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தனி வீட்டுக்குப் போய்விட்டாள் என்றாய். அப்போதும் சொல்லவில்லை. மார்கழியில் விவாகரத்து, வக்கீல் என்றாய். அப்போதும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை, உன் அம்மா எனக்கு வயிற்றில் ஏதோ என்று கஷாயம் போட்டுக் கொடுத்தாள், அதையும் வாங்கிக் குடித்தேன். போன வெள்ளிக்கிழமைதான் அவளிடம் சொன்னேன். கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு, ஏனுங்க, மூணு மாசமா இந்தச் சோத்த எப்படித் தின்னீங்க, உங்க மேஸ்திரிப் பட்டத்துக்கு ஒரு புள்ளயோட குடும்பம் போச்சுங்களே என்றாள். அப்புறம் என்னோடு பேசவில்லை. தட்டு வைக்கிறாள், போகிறாள். ஐம்பது வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை, வீடு ஓவென்று கிடக்கிறது.

நேற்று சசிக்குப் போன் போட்டேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. எடுப்பாளோ மாட்டாளோ என்று இருந்தேன், முதல் மணியிலேயே எடுத்து, மாமா நல்லாருக்கீங்களா, அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்குங்க என்றாள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், அழுதுகொண்டேதான் சொன்னேன், உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அவள் கேட்டுவிட்டு, எனக்குத் தெரியுங்க மாமா என்றாள். பின்பக்க ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துதானே அவள் வேலை பார்ப்பாள், தினமும் நான் ஓஸ்பைப்போடு நிற்பதைப் பார்த்திருக்கிறாள். இங்க வந்ததுல இருந்து அந்த ஒரு மணி நேரந்தாங்க உங்க மூஞ்சில சிரிப்பு இருந்தது, வீட்டுக்கு ஏதாவது ஆகும்னு எனக்கும் தெரியாதுங்க, அதனால தடுக்கலை என்றாள். அப்படியானால் ஏம்மா அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னைக் கேட்கவே இல்லீங்க மாமா, நீ ஊத்துனியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், முடிவு பண்ணிட்டுத்தான் வந்து நின்னார், பதினோரு வருஷத்துல எல்லாமே அப்படித்தாங்க, இதுல உங்களைப் புடிச்சுக் குடுத்து நான் நல்லவளாகி என்ன பண்றது என்றாள். இப்போது உண்மை தெரிந்துவிட்டதே, வீட்டுக்கு வந்துவிடு சாமி என்று கெஞ்சினேன். தண்ணியால நான் போகலீங்க, அதனால தண்ணியைச் சொல்லி என்னைக் கூப்பிடாதீங்க என்று சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பெரியவன் மனசு நோகக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னாள். பாப்பாவிடம் போனைக் கொடுத்தாள். பாப்பா, அப்பாரு, அப்பா ஊட்ட நேரா பண்ணிட்டாங்களா என்று கேட்டது. தாத்தாவை அப்பாரு என்று கூப்பிடவும், வீட்டை ஊடு என்று சொல்லவும் கற்றுக் கொடுத்தது நான்தான். பண்ணிட்டே இருக்காங்க கண்ணு என்றேன், வேறு என்ன சொல்ல.

வேலை விஷயமாக ஒன்று சொல்கிறேன், என் பேச்சைக் கேட்க உனக்குப் பிடிக்காது, ஆனாலும் கேள். பின்பக்கம் எழும்பியிருக்கிறது, அதற்குச் சமமாக முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி இரும்புக் குழாய் இறக்கப் போகிறார்கள் என்றாயே, அதை நிறுத்து. சொட்டுக் குழாய்த் தண்ணீர்தான் என்று நினைத்து அவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். ஈரம் அவர்கள் நினைப்பதைவிட ஆழமாகப் போயிருக்கும், அது காயக் காயப் பின்பக்கம் தானாக இறங்கும், அப்போது தூக்கி வைத்த முன்பக்கம் உயரத்தில் நிற்கும், வீடு மறுபக்கம் சாயும். சமையலறை மூலையிலிருந்து கடைசி வரை, இரண்டு மாசத்துக்கு மேல், தினமும் ஒரு மணி நேரம் என்று என் பேரைச் சொல்லியே இன்ஜினியரிடம் சொல். அவர் பார்த்து எத்தனை மாசம் காய வேண்டும் என்கிறாரோ அத்தனை மாசம் காயட்டும். இந்தத் தடவை அவர் சொல்வதைக் கேட்போம், நான் சொன்னேன் என்று எதுவும் வேண்டாம்.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஆசை தீரத் திட்டு, நான் போனை வைக்க மாட்டேன். என்னோடு பேசவே வேண்டாம் என்று தோன்றினால் அம்மாவிடமாவது பேசு, அவளுக்கு இப்போது பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, கடையில் வாங்கியே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நீயும் சசியும் பாப்பாவும் எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தந்தி மாரியம்மனை இரண்டு பேரும் கும்பிட்டுக்கொள்கிறோம், உன் அம்மா தனியாக, நான் தனியாக. ஆசீர்வாதம் பண்ணுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, அம்மாவுடையதைச் சேர்த்து வாங்கிக்கொள்.

இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் ஒருதடவை அவளைப் போய்ப் பார். கூட்டிக்கொண்டு வருவதற்கு என்று போகாதே, அவள் வர மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் கதவைத் திறந்தால், தண்ணீர் ஊற்றியது எங்கப்பா என்று ஆரம்பித்துவிடாதே, அது அவளுக்கு உனக்கு முன்னாலேயே தெரியும். உன்னை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல். சொல்லிவிட்டு அவள் என்ன சொன்னாலும் நடுவில் பேசாமல் நின்று கேட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் வீட்டைக் கெடுத்த அப்பா,
மாரண்ணன்