மச்சான் எடுத்த பூநாரைப் படம்

தை மாதம், ஞாயிறு இரவு

மனைவியின் அண்ணன், கனடாவிலிருந்து வந்திருக்கும் ஜெறோமை, பூநாரைகளைப் படமெடுக்க விடியற்காலையில் வங்காலைக் கடலேரிக்குக் கூட்டிப்போனேன்.

"சூரியன் எங்களுக்குப் பின்னால இருக்கட்டும் மச்சான். அசையாமல் படுத்துக் கிட. அதுகள் மேய்ஞ்சு மேய்ஞ்சு தானாக் கிட்ட வரும்," என்றேன்.

"இந்த லென்சுக்குப் படுக்கத் தேவையில்லையடா," என்று சிரித்தான். பிறகு கைதட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான். இரை தின்றுகொண்டிருந்த முழுக் கூட்டமும் அலறிப் பறந்தது. அதைத்தான் படமெடுத்தான். விலை கூடிய கமராவைத் தூக்கிய மடையன்.

இப்போது அந்தப் படத்தை முகநூலில் போட்டிருக்கிறான். ஒரு பறவைக்கும் முகம் தெரியவில்லை. எல்லாம் இவனுக்குப் பயந்து ஓடுகிற முதுகுகள். "இயற்கையோடு ஒரு காலை" என்று தலைப்பு வேறு. ஊரே புகழ்கிறது.

மனைவி பக்கத்தில் படுத்திருந்து அதையே பார்க்கிறாள். "நீங்கள் ஏன் இப்பிடி எடுக்கிறேல்லை?" என்று கேட்கிறாள்.