கேட்டோரம் பூத்த செண்டுமல்லி

சோப்பு போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன். விரலை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் செண்டுமல்லி வாசனை அடிக்கிறது. காலையில் வாடிய பூக்களைக் கிள்ளிப் போட்டேன், அதன் வேலை. காபி டம்ளரைத் தூக்கினால் காபியை முந்திக்கொண்டு அதுதான் வருகிறது. இந்த வாசனை என் கையில் அடிப்பது இது முதல் தடவை இல்லை. அது உனக்கும் தெரியும். முப்பது வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்திவிட்டு, நீ போன பிறகு முதல் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே.

நம் வீட்டு வாசலில் இப்போது புல் இல்லை. நான்தான் கடப்பாரை வைத்துப் பெயர்த்தேன். கேட்டிலிருந்து படிக்கட்டு வரை இரண்டு பக்கமும் செண்டுமல்லி, கனகாம்பரம், கோழிக்கொண்டை, மூலையில் ஒரு செம்பருத்தி. தொழிற்பேட்டையிலிருந்து பறந்து வரும் கறுப்புத் தூசி முன்பு புல்லில் தெரியாது. இப்போது ஒவ்வொரு இலையிலும் தெரிகிறது. தினமும் காலையில் தண்ணீரை வாரி அடித்துக் கழுவிவிடுகிறேன். புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலையை நீ செய்தாய், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

அந்தப் புல் ஏன் வந்தது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. எங்கள் கம்பெனி ஆபீஸ் வாசலில் பச்சைப்பசேலென்று ஒரு புல்தரை இருந்தது. நாங்கள் அதை ஒட்டிய சிமெண்ட் பாதையில்தான் நடக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் மட்டும் அதன் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இருபது வருஷம் அதைச் சுற்றிக்கொண்டே போனவனுக்கு, சொந்த வீடு கட்டியதும் கிறுக்குப் பிடித்தது. கொரியன் புல்லைப் பாய் பாயாக வாங்கி வந்து ஒட்டினேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

"இது இன்னாத்துக்குங்க? மாடும் மேய முடியாது, மனுசனும் நடக்க முடியாது. ஒரு பூவாவது தலைல வெக்கலாமா?"

"லட்சணமா இருக்கட்டும்டி," என்றேன்.

"ஆமா, ஆபீசரு ஊடு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

பொதட்டூர்பேட்டையில் உங்கள் வீட்டில் எந்நேரமும் ஆள் புழங்கும். அப்படி வளர்ந்தவளை இந்தப் புதுத் தெருவில் கொண்டுவந்து வைத்தேன். மகள் கல்யாணமாகி வேலூர் போனாள். நான் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பிவர இருட்டிவிடும். கேட்டை ஒட்டி ஒரே ஒரு வரிசை பூச்செடி வைக்கலாம் என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்டிருப்பாய்.

"பூச்செடி வெச்சா தெருவுல இருக்கிறவங்கல்லாம் காலங்காத்தால கேட்டுல வந்து நிப்பாங்க. பெரிய பேஜாரு," என்பேன்.

"வந்து நிக்கட்டுமே. நாலு வார்த்த பேசிக்கினு இருப்பேன். இன்னா போச்சு?"

இந்தக் காது அதைக் கேட்டது, மண்டைக்குள் ஏறவில்லை. நீ பூவைக் கேட்கிறாய் என்று நினைத்து, சனிக்கிழமையானால் பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் மல்லி வாங்கி வந்து நீட்டினேன். கடமை முடிந்ததாகவும் நினைத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டு அமுதா, மகளுக்குக் காது குத்து என்று பத்திரிகை கொடுக்க வந்தது நினைவிருக்கிறதா? குறுக்கே புல்லில் நடந்து வந்துவிட்டாள். நான் மாடியிலிருந்து, "அம்மா, புல்லு மேல கால வெக்காதீங்க!" என்று கத்தினேன். அவள் முகம் செத்துவிட்டது. பத்திரிகையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

"ஊடு தேடி வந்தவங்கள இப்படியா கத்துவாங்க? இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவங்க ஊட்டுக்குப் போவேன்?" என்றாய். நீ போகவில்லை. அவளும் அதன் பிறகு நம் கேட்டைத் தாண்டி வரவில்லை.

இனி சொல்லப்போவதுதான் என்னை அரிப்பது. ஆயுத பூஜையன்று கம்பெனியில் என் மிஷினுக்குப் போட்ட செண்டுமல்லி மாலையை, மறுநாள் பொரியோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஒரு வருஷம் அந்தப் பூக்களை உதிர்த்து, எனக்குத் தெரியாமல் கேட்டோரம் தூவிவிட்டாய். புல்லுக்குள்ளிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் செடிகள் எழும்பி நின்றன. இரண்டில் மொட்டுகூட இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலுக்குப் போயிருந்தபோது அத்தனையையும் பிடுங்கி, காம்பவுண்டுக்கு வெளியே எறிந்தேன்.

திரும்பி வந்து கேட்டாய். "களைன்னு நெனச்சிட்டேன்," என்றேன்.

என் வலது கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாய். பிறகு, "கைய கழுவிக்கினு வாங்க, சோறு போடறேன்," என்றாய். சண்டை போட்டிருக்கலாம் நீ. களை இல்லை என்று தெரிந்துதான் பிடுங்கினேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அதன் பிறகு நீ பூச்செடி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான் ரிட்டயர் ஆன மறு வருஷம், ஒரு காலை வேளையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஊரிலிருந்து உன் தம்பி வரும்வரை உன் தலையில் வைக்க வீட்டில் ஒரு பூ இல்லை. தெருக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். "உள்ள வாங்க" என்று மகள் அழுதுகொண்டே கூப்பிட்ட பிறகும், சிமெண்ட் பாதையில் ஒருவர் பின் ஒருவராக, புல்லில் கால் படாமல் நடந்து வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று நான் பட்ட வெட்கத்தை யாரிடமும் சொன்னதில்லை.

வருஷத் திதி முடிந்து சாமி அலமாரியைத் துடைத்தபோது ஒரு பழைய பவுடர் டப்பா கிடைத்தது. திறந்தால் காய்ந்த செண்டுமல்லி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் ஒவ்வொரு ஆயுத பூஜை மாலையிலிருந்தும் பத்துப் பூவை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறாய். எதற்காக? நான் என்றைக்காவது மனசு மாறுவேன் என்றா? மறுநாளே கடப்பாரையை எடுத்தேன். பழைய விதை, தூவியதில் ஏழுதான் முளைத்தது. ஏழும் பூத்தது. மற்ற செடிகளை நர்சரியில் வாங்கி வைத்தேன்.

நான் பயந்தபடியே நடந்தது. காலை ஆறு மணிக்கே கேட்டில் ஆள். வெள்ளிக்கிழமையானால் நாலைந்து பேர். பூவைக் கேட்கிறார்கள், வாங்கிய பிறகும் போவதில்லை. தண்ணீர் லாரி வரவில்லை என்கிறார்கள், மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். உனக்காக வந்திருக்க வேண்டிய பேச்செல்லாம் எனக்கு வந்து சேர்கிறது.

போன வெள்ளிக்கிழமை அமுதா வந்தாள். கை நிறையப் பூவை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. எதிர் ஊட்டு அக்கா, எதிர் ஊட்டு அக்கான்னே சொல்லிக்கினு இருந்துட்டோம். அக்கா பேரு இன்னாண்ணே?"

பன்னிரண்டு வருஷம் எதிரெதிர் வீடு. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? முப்பது வருஷமும் உன்னை நான் "இந்தாடி" என்றுதான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரித் தாளிலும் இறப்புச் சான்றிதழிலும் உன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டு எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

சொன்னேன். முதல் தடவை யாரோ ஒருத்தியின் பெயர்போல் இருந்தது, இரண்டாம் தடவை சரியாக வந்தது.

அவள் உன் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேருண்ணே," என்றாள்.

இன்று காலை பால் பாக்கெட் வாங்கப் போன ஒரு பாட்டியம்மா கேட்டருகே நின்று, "இது யாரு வெச்ச செடிப்பா?" என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதும் பேசாமல் போய்க் கையைக் கழுவியிருக்கக் கூடாது.