பலகை அடித்த ஜன்னல்கள்

1998 ஜூலை 6, திங்கள். ஆம்பூர்.

காலையிலேயே வெயில். வேலூரிலிருந்து நின்றபடியே பயணம். சட்டை துவைக்கப் போட வேண்டும்.

அன்வர் கூப்பிட்டதால் வந்தேன். கல்லூரித் தோழன். இப்போது அண்ணனோடு சேர்ந்து ஷூ கம்பெனி. ஆர்டர் பெருகுகிறது, குடியாத்தத்தில் இரண்டாவது யூனிட். ஆனால் மீட்டிங்கில் யாரும் வாய் திறப்பதில்லையாம். "நீ வெளியாளு. நீ கேட்டா பேசுவாங்க." என் தகுதி: ஓர் எம்.ஏ., ஒரு மேனேஜ்மென்ட் டிப்ளமா, வேலையின்மை.

மீட்டிங்கில் உட்கார்ந்தேன். அண்ணனை எல்லாரும் பெரிய பாய் என்கிறார்கள். அவர் முதலில் கருத்துச் சொல்கிறார். பிறகு மேஜையைச் சுற்றி 'கரெக்ட் பாய்'. டீ. முடிந்தது.

7, செவ்வாய்.

பேஸ்டிங் ஹால். தோல் துண்டுகளைச் சொல்யூஷன் தடவி ஒட்டும் இடம். எல்லாரும் பெண்கள். நெடி. சீக்கிரமே தலை கனத்தது.

ஜன்னல்களுக்கெல்லாம் பலகை. எப்போதோ அந்த வழியாகத் தோல் திருட்டுப் போனதாம். பெரிய பாய் அடிக்கச் சொன்னது. திருட்டு யாருக்கும் சரியாக நினைவில்லை. பலகை இருக்கிறது.

நான் இருக்கும்போதே ஒரு பெண் மயங்கினாள். நாற்காலி, குளுக்கோஸ், பிஸ்கட். பழகிய கைகள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே கடந்துபோனார் தேவராஜ், புரொடக்‌ஷன் மேனேஜர். பிஸ்கட் பெரிய பாய் சொந்தச் செலவு. பசிதான் என்று உண்மையாகவே நம்புகிறார். நல்ல மனிதர். அதுதான் பேஜார்.

தேவராஜ் போனதும் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா மெதுவாக: "சாப்ட்டுத்தான் சார் வந்துச்சு. கூட உக்காந்து சாப்ட்டதே நான்தான்."

8, புதன்.

மழை வருவதுபோல் இருந்தது. வரவில்லை.

தேவராஜைத் தனியாகக் கேட்டேன். மயக்கம் பசியால் அல்ல, நெடியால் என்று அவருக்குத் தெரியும். அன்வருக்கும் தெரியும். "அண்ணன் அடிச்ச பலகைடா. நான் எப்டிக் கழட்டச் சொல்றது?"

ஒரு விதி யோசித்தேன். இனி மீட்டிங்கில் பெரிய பாய் கடைசியில்தான் பேச வேண்டும். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "வீட்ல அப்டித்தாம்பா நடக்குது."

ஸ்டெல்லா அக்காவை மீட்டிங்குக்கு அழைத்தேன். தயங்கினார். வீடு கம்பெனிக்குப் பின்தெரு. கணவர் படுத்த படுக்கை. மதியம் ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருகிறார். வேறு எங்கே வேலைக்குப் போனாலும் மதியம் வந்து ஊட்ட முடியாது. ஒன்றும் ஆகாது என்றேன். எந்த அதிகாரத்தில்?

9, வியாழன்.

மீட்டிங். மின்விசிறிச் சத்தம். தேவராஜ் கண்ணாடி துடைத்தார். அன்வர் கோப்பையைப் பார்த்தான். விதிப்படி பெரிய பாய் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா எழுந்தார். "பாய், கிறுகிறுப்பு பசியில வர்றதில்ல. அந்த நெடியில வருது. ஜன்னலத் தொறந்தா கம்மியாப் போயிடும். நானே விழுந்திருக்கேன்."

பெரிய பாய் தேவராஜிடம் திரும்பினார். தெரியுமா? தெரியும் பாய். தம்பியிடமும் அதே கேள்வி. அன்வர் தலைகுனிந்தான்.

பெரிய பாய் யாரையும் பார்க்காமல்: "பிஸ்கட் குடுத்துட்டு இருந்தேனே. பின்னாடி சிரிச்சீங்களா?"

பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு எழுந்து போனார். டீ ஆறியது.

10, வெள்ளி.

ஆணிகள் துரு. ஹாலில் வெளிச்சம், தூசி, காற்று. தலைவலி இல்லை என்றார்கள். ஏலகிரி போய்க் கொண்டாடலாம் என்றான் அன்வர்.

பெரிய பாய் தொழுகை முடிந்து வந்ததும் உத்தரவு. ஸ்டெல்லா அக்கா திங்கள் முதல் குடியாத்தம் யூனிட். அதே சம்பளம்.

பெரிய பாயிடம் போனேன். கோபம் இல்லை. உட்காரச் சொன்னார். "அந்தம்மா மேல தப்பு இல்லப்பா. அவங்க மூஞ்சியப் பாக்க எனக்குத்தான் கூச்சமா இருக்கு." குடியாத்தத்திலிருந்து மதியம் ஓடிவந்து கணவருக்கு ஊட்ட முடியாது என்று சொன்னேன். ஆள் வைத்துக்கொள்ளட்டும், சம்பளம் நான் தருகிறேன் என்றார்.

ஸ்டெல்லா அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய பாய் சொன்னதைச் சொன்னேன். "விடுங்க சார். ஆனா வேற ஆள் கையால அவரு சாப்புட மாட்டாரு."

13, திங்கள்.

மேகமூட்டம். மீட்டிங். அதே விதி.

ஸ்டெல்லா அக்காவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பெரிய பாய் தன் முறைக்காகக் கை கட்டிக் காத்திருந்தார். அவர் பேசுவதற்கு முன் என் பக்கம் யாராவது ஒருவர் பேச வேண்டும். அன்வரைப் பார்த்தேன். தேவராஜைப் பார்த்தேன்.