நத்தார் வருகிறது

இராஜபாளையம், 1984

டிசம்பர் 9, ஞாயிறு
ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப்போய் மாதா கோவிலில் பூசை கண்டு வந்தோம். நத்தாருக்கு என்ன செய்வதென்று வழியில் கேட்டேன். "இந்த வருஷம் ஒண்டும் வேண்டாம். ஆர் வரப்போகினம்?" என்றார் இவர்.

அதுதானே எனக்கும் கவலை. ஊரில், இளவாலையில், நத்தாரன்று எங்கள் வீட்டில் பந்தி மேல் பந்தி. மச்சாள் பரிபூரணம், இவருடைய ஒரே தங்கை, விடியவே வந்து அடுப்படியைத் தன் ஆட்சிக்கு எடுத்துவிடுவாள். அவளை அங்கே விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தோம். இவருக்கு மில்லில் வேலை கிடைத்தது, எனக்கு ஒரு வாடகை வீடு. இந்த வீட்டில் வெளியார் ஒருவரும் இன்னும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இந்த நத்தாருக்கு ஒருவராவது சாப்பிட வேண்டும்.

டிசம்பர் 12
பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசாவிடம் சுவருக்கு மேலாகச் சொல்லிவிட்டேன். "நத்தார் வருது. அண்டைக்கு எங்கட வீட்டிலதான் சாப்பாடு. நீங்களும் வரவேணும்."

"நாத்தனா வாராகளா? எம்புட்டு சந்தோசம்க்கா!" என்றாள். எங்கள் சொல் அவள் வாயில் நுழையவில்லை, பாவம். பண்டிகைக்குக்கூட மரியாதை கொடுத்துப் பேசுகிறாள். நல்ல பெண்.

டிசம்பர் 16
இவருக்கும் ஆசை வந்துவிட்டது. பாலன் குடிலுக்கு மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கேட்டு வாங்கி வந்தார். வீட்டுக்காரி குருவம்மாள் எட்டிப் பார்த்து, "கைப்பிள்ளை உண்டோ?" என்று கேட்டாள்.

"ஓம், ஒரு பாலன். மாட்டுக்கொட்டிலில வைக்கோல்மேலதான் படுக்க வைக்கிறது."

"இந்தப் பனியிலயா!"

"அதுக்குத்தான் பஞ்சு."

வாயைப் பிளந்தபடியே போனாள். ஏன்?

டிசம்பர் 22
கேக்! சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டுச் சுட்டேன். முதலாவது அடி கருகி நடு வேகவில்லை. அதை நாங்களே தின்று தீர்த்தோம். இரண்டாவது நன்றாகப் பொங்கியிருக்கிறது. இவர் கையை இரண்டு தரம் தட்டிவிட வேண்டியிருந்தது.

டிசம்பர் 24
ஹபீபுன்னிசா ஒரு புதுப் பாயும் தலையணையும் கொண்டுவந்து தந்தாள். மேலே, துவைத்து மடித்த தொட்டில் சீலை. "பிள்ளைக்குக்கா" என்றாள். எங்கள் களிமண் பாலனுக்கு! கண் கலங்கிவிட்டது. பாயும் தலையணையும் எதற்கென்றுதான் விளங்கவில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் தங்கள் பாயைக் கொண்டுவருவது இங்கே வழக்கமோ?

டிசம்பர் 25
ஒருத்தரும் வரேல்லை. மத்தியானம் போயிட்டுது. சோறு ஆறிப்போச்சு. ஹபீபுன்னிசாவுக்கு ஹலாலா இருக்கவேணுமெண்டு அவளின்ட புருசன் ஹமீது சொன்ன கடையிலதானே கோழி வாங்கினனான்? அகதி வீட்டுச் சாப்பாடெண்டோ? — வேண்டாம், இனி ஆரையும் கூப்பிட மாட்டன்.

இரவு
மேலே எழுதியதை அடிக்க மனமில்லை. இருக்கட்டும், என் அவசரப் புத்திக்குச் சாட்சி.

நாலு மணிக்குச் சுவருக்கு மேலே ஹபீபுன்னிசாவின் தலை தெரிந்தது. "என்னக்கா, இன்னும் வரலையா? பஸ்ஸு லேட்டா?"

"ஆர்?"

"உங்க நாத்தனாதான்! அவிய வந்திருக்கையில நடுவுல நாங்க எதுக்கு, செத்த நேரம் தனியாப் பேசட்டும், பொறவு போவோம்னு இருந்தோம்."

நாத்தனா என்றால் புருஷனின் தங்கை என்று இவர்தான் எனக்குச் சொன்னார், மில்லில் கேட்டிருக்கிறாராம். நாங்கள் மச்சாள் என்போம். நத்தார் என்றால் கிறிஸ்துமஸ் என்று அவளுக்கு நான் சொன்னேன். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. இந்த ஊருக்கு வந்த பிறகு இவர் அப்படிச் சிரித்ததே இல்லை. சிரிப்பு அடங்கியதும், "அவள் வந்திருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

ஹபீபுன்னிசா இவரையே பார்த்தாள். "தெனமும் உங்கள அண்ணே அண்ணேனுதான கூப்பிடுதேன்? அப்ப நாத்தனா வந்தாச்சு. சோத்தப் போடுங்க மதினி."

ஹமீது வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். குருவம்மாளும் வந்து, கொட்டிலில் கிடந்த பாலனை முதலில் பார்த்துவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தாள். கோழி போதவில்லை. எனக்கு வெறும் குழம்புதான் மிச்சம். வயிறு நிறைந்துதான் இருக்கிறது.

டிசம்பர் 29
காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மதினி, கொஞ்சம் புளி இருக்கா?"

"இருக்கு மச்சாள்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.