பாய்மரத்தடி ஏலம்

லிஸ்பன், மார்ச் மாதம்

அன்பு மகன் கஸ்பாருக்கு அம்மா லியோனோர் ஆசீர்வாதத்தோடு எழுதச் சொன்னது. மாதாவின் தயவால் நானும் உன் தங்கை பிலிப்பாவும் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொச்சியில் நீயும் மனைவியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு இப்போது வேறு ஜெபம் கிடையாது.

சதுக்கத்தில் மேசை போட்டிருக்கும் கிழவர்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். அழுதுகொண்டே சொன்னால் ஒன்றும் விளங்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறார், அதனால் அழுகை வராத செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிலிப்பாவுக்கு இரண்டாவதும் பெண். அவள் புருஷன் முகத்தைத் தொங்கப் போட்டான், ஆணாப் பொறந்திருந்தா அதையும் கப்பலுக்குத்தானேடா குடுத்திருப்பே என்று கேட்டேன். இந்த வருஷம் மத்தி மலிவு, எண்ணெய் விலைதான் கையைச் சுடுகிறது. இந்தக் கடிதத்தை இவர் மூன்று பிரதி எழுதி மூன்று கப்பலில் போடுவார், எது கரை சேரும் என்று யார் கண்டது. மூன்றும் கிடைத்தால் ஒன்றை மட்டும் பிரித்துப் படி, இதை மூன்று தடவை படிக்க வேண்டாம்.

நீ கொச்சியில் கப்பலேற்றி விட்ட தம்பி துவார்த்தே வந்து சேரவில்லை, கஸ்பார். போன செப்டம்பரில் மணியடித்துக் கப்பல் வந்துவிட்டது என்று சொன்னதும் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடினேன். கூட்டம் சொல்லி முடியாது. இறங்குகிறவர்கள் எல்லாரும் எலும்பும் தோலுமாக ஒரே மாதிரி இருந்தார்கள், யார் யாருடைய பிள்ளை என்றே தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் கம்பளிச் சட்டையைப் பார்த்தேன். துவார்த்தே இங்கிருந்து புறப்பட்டபோது நான் தைத்துக் கொடுத்த கருநீலச் சட்டை, முதுகுக்குத் துணி போதாமல் உன் அப்பாவின் போர்வையிலிருந்து ஒரு பழுப்புத் துண்டை வெட்டி வைத்துத் தைத்தேனே, அதே சட்டை. முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலேயே போய்க் கட்டிக்கொண்டு, என் செல்லமே வந்துட்டியா என்று அந்தத் துண்டின் மேல் முகத்தை வைத்து அழுதேன், உப்பு வாடை அடித்தது. அவனும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை. அப்புறம் மெதுவாக என் கையை விலக்கி, அம்மா, நான் உங்க பையன் இல்லம்மா, எம்பேரு எஸ்தேவாவ், செத்துபால் ஊர்க்காரன், இந்தச் சட்டைய நான் பாய்மரத்தடியில ஏலத்துல எடுத்தேன் என்றான்.

பாய்மரத்தடி ஏலம் என்றால் என்னவென்று கப்பல்காரன் பெண்டாட்டியாக இருந்த எனக்கா தெரியாது. கப்பலில் ஒருவன் கண்ணை மூடினால் உடம்பு கடலுக்கு, உடைமை ஏலத்துக்கு. துவார்த்தே ஈறு வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் கிடந்தானாம். பாதி வழியில், தென்கோடி முனையைத் தாண்டிய பிறகுதான் போனானாம். நல்லா பாடுவான்மா, கடைசியா வாயத் தொறக்க முடியலன்னுதான் ரொம்ப வருத்தப்பட்டான் என்று அந்தப் பையன் சொன்னான். சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுக்கப் பார்த்தான். உள்ளே பார்த்தால் கந்தலாக ஒரு துணி, நெஞ்செலும்பை எண்ணிவிடலாம், பல்லெல்லாம் குளிரில் கிடுகிடுக்கிறது. வேண்டாம்ப்பா, நீயே போட்டுக்கோ, நல்ல கம்பளி என்று சொல்லி நானே பொத்தானைப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அதை வாங்கி வைத்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மீன்காரி பிரித்தேஸ் வந்து உட்கார்ந்து, மிளகு ஒரு மூட்டைகூட நனையாம வந்திருக்காம், பண்டகசாலையில எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்க, மனுசனத்தான் நனைச்சுட்டானுங்க என்றாள். அவள் பிள்ளையும் அப்படிப் போனவன்தான், அதனால் அவள் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வருவதில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். வரும் ஜனவரியில் மனைவி குழந்தையோடு கப்பலேறி ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷமாக வா வா என்று உன் மனசைக் கரைத்தவள் நான்தான். வராதே, கஸ்பார். எழுதுகிறவர் இறகுப் பேனாவை வைத்துவிட்டு, நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, பெத்தவ எழுதற வார்த்தையா இது என்கிறார். யோசிச்சுத்தான் சொல்றேன், பெருசா எழுதுங்க என்றேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த மாதாவுக்குத் தெரியும். ஆனால் வழியைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை அந்தக் கரையில் நிற்க எனக்குத் தெம்பில்லை. நீ அங்கேயே நரைத்துக் கிழவனாகி, தரையில், கட்டிலில், உன் பிள்ளைகள் சுற்றி நிற்கப் போக வேண்டும். நான் கண்ணால் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, என் மகன் ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்றால் போதும்.

உன் மனைவி வியோலாந்தேயிடம் சொல், அவள் எந்தச் சாதிப் பெண், எப்போது ஞானஸ்நானம் வாங்கினாள் என்று இனி நான் கேட்க மாட்டேன். அவள் என் மருமகள், என் மகனுக்குச் சோறு போடுகிறவள், அவள் கை நன்றாக இருக்கட்டும். ஆத்துமாக்கள் திருநாளில் தம்பிக்கு ஒரு பூசை வைக்க மறந்துவிடாதே. மாதா உங்கள் மூவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். பேரன் எவ்வளவு அடம்பிடித்து அழுதாலும் அவனைக் கப்பல் பார்க்கக் கூட்டிப் போகாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
லியோனோர்