ஏறாத வளையல்

ஜனவரி 21, செவ்வாய்

இன்றைக்கும் செருப்பு நுழையவில்லை. ஹரியின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் கேப்பில் ஏறினேன். ஏழாம் மாதம். முகமும் உப்பிப்போய், கண்ணாடியில் வேறு யாரோ மாதிரி இருக்கிறேன். மாமியாரிடம் காட்டினால் அவருக்குச் சந்தோஷம். “வாயும் வயிறுமா இருக்கிறவ பூசினாப்லதான் இருப்பா. கண்ணு பட்டுடப் போவுது” என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். தலை வலிக்கிறது என்றேன். ஃபோனைப் பார்ப்பதால்தானாம்.

ஜனவரி 25, சனி

இன்று செக்கப். போகவில்லை. இல்லை, போக விடவில்லை என்று எழுதணும். வளைகாப்பு முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாதாம். யார் போட்ட சட்டம் இது? “போனா எதையாவது சொல்லிப் பயமுறுத்துவாங்க. நல்லது முடியட்டும்” என்கிறார் மாமியார். ஹரி டிவியிலிருந்து தலையைத் திருப்பாமலே, “அம்மா ரெண்டு பெத்தவங்க, அவங்களுக்குத் தெரியாதா?” தனியாகப் போகிறேன் என்றேன். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். என் உடம்பு, என் பிள்ளை. இதில் எனக்கு மட்டும் பேச்சே கிடையாது!

ஜனவரி 30, வியாழன்

தலைவலி. யாரையும் திட்டக்கூடத் தெம்பில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய். ஆஸ்பத்திரி

கையெல்லாம் கட்டு. இருந்தாலும் எழுதத்தான் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மனையில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, வளையல் போட்டார்கள். ஏறவில்லை. ஒருத்திக்காவது, ஏன் இந்தக் கை இப்படி வீங்கியிருக்கிறது என்று தோன்றியதா? கையில் சோப்பைத் தடவினார்கள்! எதிர்வீட்டு அக்கா, “அம்மாடி, நல்ல ஊட்டம்தான்” என்று சிரிக்கிறாள். கடைக்கு ஆள் அனுப்பி, பெரிய சைஸ் வாங்கிவந்து, அதையும் திணித்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் சேர்ந்துதான். வலிக்குதும்மா என்று கத்தினேன். சபையில் கத்தக் கூடாதாம்.

ஆரத்தி எடுத்தபோது தட்டு இரண்டாகத் தெரிந்தது. மாலையோடு எழுந்துவிட்டேன். “ஹரி, இப்ப ஆட்டோ கூப்பிடலைன்னா நானே நடந்து போறேன்.” என் குரலைக் கேட்டு அவரே பயந்துபோனார்.

ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வந்ததுமே கன்னடத்தில் பிடித்துக்கொண்டார்: “இஷ்டு தின ஏனு மாட்தித்ரி?” இத்தனை நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேனாம். என்னைக் கேட்கிறார்! ஃபிட்ஸ் வந்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார். உடனே கையில் ஊசி ஏற்றணும். வளையல் கழலவில்லை. உடைக்கணும் என்றாள் நர்ஸ். கதவருகிலிருந்து மாமியார், “ஐயையோ, பிரசவத்துக்கு முன்னாடி உடைச்சா பிள்ளைக்கு ஆகாதும்மா!”

எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். கையெல்லாம் கண்ணாடியும் ரத்தமும். “இப்ப போடுங்க ஊசிய” என்றேன்.

நேற்று ஆபரேஷன். பெண். ஒன்றரைக் கிலோகூட இல்லை. பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இன்னும் என் கண்ணில் காட்டவில்லை. பிழைப்பாளா? கேட்டால் எல்லாரும் சாமி படத்தைப் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காட்டினார்கள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஹரி வெளியே நின்று அழுதார். அழட்டும்.

மார்ச் 14, வெள்ளி

பாப்பாவை நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். மாமியார் உள்ளே வராமல் அறை வாசலிலேயே நின்றார்.

“தமயந்தி… தூக்கலாமா?”

இந்த வீட்டில் என்னைக் கேட்டு ஒரு காரியம் நடப்பது இதுதான் முதல் தடவை. நான் இளகிவிடுவேன் என்று ஹரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையைக் கழுவிட்டு வாங்க, அத்தை” என்றேன்.

போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.