கர்த்தர் வீட்டு அரிசி

ஞானபுரம்,
29.11.1992

அன்புள்ள மகன் இஸ்ரவேலுக்கு,

வெள்ளத்துக்கு மேலாகத் தலையை நிமிர்த்தி நடக்கவைத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் ரூபியும் பேத்தி பியூலாவும் அங்கே சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். நான் கொடுத்த தந்தி கிடைத்து நீ பதறி எழுதிய கடிதம் நேற்றுதான் வந்தது, தபால்காரர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார். அடுக்களைச் சுவர் ஒன்றுதான் விழுந்தது, மாடு பிழைத்துக்கொண்டது, உன் அப்பா படம் நனையவில்லை. நீ கவலைப்பட வேண்டாம்.

வீட்டைப் பூட்டிவிட்டு பிலாய்க்கு வந்துவிடுங்கள், அந்தக் கோயிலில் இனி யார் இருக்கிறார்கள், ஒரு பிடி அரிசிக்காக ஊரோடு எதற்குச் சண்டை என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் இருப்பதால் வீட்டிலேயே ஜெபித்துக்கொள்கிறேன், ஆண்டவருக்கு எல்லா இடமும் ஒன்றுதானே என்றும் எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான், அதில் சீஷர்களைத் தனித்தனி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள் என்று சொன்ன வசனம் என் கண்ணில் இதுவரை படவில்லை. உனக்குப் பட்டால் அதிகாரம், வசனம் குறித்து எழுது.

அந்த அரிசிச் சண்டை உனக்குப் பாதிதான் தெரியும். உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பதும், அதைச் சேர்த்து ஞாயிறன்று ஆலயத்தில் கொட்டுவதும், ஆராதனை முடிந்து ஏலம் விடுவதும் என் மாமியார் காலத்துக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். போன வருடம் சபைத் தேர்தலில் ஜெயித்து வந்த கமிட்டி, இனி பிடி அரிசி கிடையாது, எல்லாருக்கும் காணிக்கைக் கவர் என்று தீர்மானம் போட்டது. பெண்கள் சங்கத்தை இத்தனை வருடம் நடத்திய என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செயலாளர் துரைமணி, அவன் குழந்தையாக இருந்தபோது நான் இடுப்பில் வைத்துச் சோறூட்டியவன், எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, பெரியம்மை, பச்சரிசியும் புழுங்கலும் ரேஷனும் ஒண்ணாக் கெடக்கு, இந்தக் கலவையை எவம் ஏலம் எடுப்பான், ஆலயம் என்ன அரிசிக்கடையா என்று கேட்டான். சிரித்தார்கள். சிரிக்கிறதற்கும் ஆலயத்தில் ஆட்கள் குறைவுதான், பிள்ளைகளெல்லாம் வேலைக்கென்று ஊர் ஊராய்ப் போய்விட்டீர்கள், இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஞாயிறு காலை டிவி, மீதிப் பேருக்குச் சபையில் யார் எந்தக் கட்சி என்ற கணக்கு. கவர் போடுகிறவர்களுக்கு வரவே வேண்டாம், கவர் வந்தால் போதும் என்றாகிவிட்டது. ஒரு பிடி அரிசி எடுக்கும்போது வேளைக்கு ஒருதரமாவது ஆண்டவரை நினைத்தாக வேண்டும், கவரில் அது இல்லை என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

நான் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுபோனேன். நாலைந்து பெண்கள் கணவன்மாருக்குத் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கர்த்தருடைய அரிசியை என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை என்று சொல்லி, ஆலயத்து மணிக்கூண்டுக்குக் கீழே இருக்கும் அறையில் பெரிய பானைகளை வைத்து வேப்பிலை போட்டு அதில் கொட்டி வந்தேன். துரைமணி இரண்டு தரம் எடுத்துப் போகச் சொன்னான். தூக்க முடிந்தால் நீயே தூக்கு என்று சொல்லிவிட்டேன்.

மலையில் பெய்த மழை பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை ஆறாக ஊருக்குள் வந்தபோது, மேடென்று இருந்தது நம் ஆலயம் ஒன்றுதான். ஆற்றங்கரைத் தெரு முழுக்க அங்கே வந்து ஏறியது. வைத்தியலிங்கம் அண்ணாச்சி பலசரக்குக் கடையிலிருந்து ஒரு அரிசி மூட்டையும் தப்பவில்லை, அவரே நனைந்த வேட்டியோடு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்ததும் எல்லாரும் துரைமணியைப் பார்த்தார்கள். அவன் மணிக்கூண்டு அறையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். குத்திக்காட்ட விடாமல் கர்த்தர்தான் என் வாயைக் கட்டினார் மகனே, நான் போய் பானைகளைத் திறந்தேன். விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் கடைசியில் கால் ஒடிந்து கிடந்த பெஞ்சை அவனே கோடாலி எடுத்துப் பிளந்தான். அவன் மனைவி கனகம் அரிசியை வண்டு போகப் புடைத்தாள். சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனத்துக்கு வைத்திருந்த அண்டாவில் கஞ்சி காய்ச்சினோம். பச்சரிசி குழைந்துவிட்டது, புழுங்கல் வேகவில்லை, குடித்தவர்கள் மென்றார்கள், மென்றவர்கள் குடித்தார்கள்.

அக்கிரகாரத்து வாலாம்பாள் மாமி மட்டும் வாசல் நடையில் ஒதுங்கி உட்கார்ந்து முதல் நாள் முழுக்கத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. மறுநாள் நான் தம்ளரோடு போனபோது, ஏன்டி செல்லக்கிளி, இது யாராத்து அரிசி என்று கேட்டாள். எனக்கே தெரியாது மாமி, அவுக அவுக போட்டது, கர்த்தர் வீட்டு அரிசி என்றேன். யாருதுன்னே தெரியாதுன்னா யாரைச் சொல்லி வேண்டாங்கறது, கொண்டா என்று வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, அரிசி வேகலைடி என்றும் ஒரு குறை சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் கேட்ட பிரசங்கங்களை எல்லாம் எண்ணிப் பார்த்தேன், அந்த ஒரு தம்ளருக்குப் பக்கத்தில் எதை வைப்பதென்று தெரியவில்லை.

போன ஞாயிறு நன்றி ஆராதனைக்கு நிற்க இடமில்லை. இன்று மறுபடியும் பழையபடி, முன் பெஞ்சுகள் காலி. நான் ஏமாறவில்லை, பயம் தெளிந்தால் ஜெபமும் தெளிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். துரைமணி இதுவரை என்னிடம் மன்னிப்பென்று ஒரு சொல் சொல்லவில்லை, நானும் மறக்கப் போவதில்லை. ஆனால் இன்று காணிக்கை நேரத்தில் கனகம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கவர் வைக்கும் தட்டில் எல்லாரும் பார்க்க அரிசியைக் கொட்டினாள். அவள் புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் தட்டை எடுத்து பீடத்துக்குக் கொண்டுபோனது அவன்தான். எனக்கு அது போதும், ஸ்தோத்திரம்.

ஆகையால் நான் பிலாய்க்கு வரவில்லை. பானை காலியாக இருக்கிறது, நிரப்ப வேண்டும். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கும்படி ரூபியிடம் சொல். அங்கே கிடைக்கிற அரிசி எதுவானாலும் சரி. வேப்பிலை போட்டு வை, வண்டு விழும். யாரிடமும் கொடுத்தனுப்பாதே, அதற்குப் பதிலாக மணியார்டரும் அனுப்பாதே, வந்தால் வாங்காமல் திருப்பிவிடுவேன். எப்போது உனக்கு லீவு கிடைக்கிறதோ அப்போது வா. முன் பெஞ்சில் நிறைய இடம் இருக்கிறது. வாசலிலிருந்து பீடம் வரை எல்லார் கண்முன்னும் நடந்து வந்து நீயே அதைக் கொட்ட வேண்டும்.

குளிர் தொடங்கியிருக்கும், பியூலாவுக்குக் காதை மூடித் தலையில் கட்டிவிடச் சொல். உங்கள் மாவு பிசைகிற தொட்டியைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக, போக்கையும் வரத்தையும் காப்பாராக.

கோபம் கொஞ்சமும் நன்றி நிறையவும் உள்ள உன் அம்மா,
செல்லக்கிளி